இரண்டாவது குருடு

2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் போனைப் போலீஸ் எடுத்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். உங்கள் தம்பி பெஞ்சமினுக்கு நாலு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அதனால் கோவளத்து முகவரிக்குப் பதிவுத் தபாலில் இதை அனுப்புகிறேன். ஒருவகையில் இதுவே நல்லது. இதைப் போனில் பேச எனக்குப் பயம்.

அண்ணனை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். நீங்கள் விலகி அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். அழுகையில் செய்தீர்கள் என்று முதலில் நினைத்தேன். ரயிலில் திரும்பி வரும்போது அப்படி இல்லை என்று தோன்றியது. உங்களுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் படித்தேன். மலையடிவாரத்துச் சுடுதளத்தில் புகுந்து, வெடிக்காத குண்டு ஒன்றை ஆல்வின் திருடி வந்தான், பிப்ரவரி 11 அன்று வீட்டுப் பின்புறத்தில் அதை உடைக்கும்போது இறந்தான் என்று இருக்கிறது. ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். துணி துவைக்கிற கல்லின் மேல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தது. "இன்னா டாக்டரம்மா, உன் சொந்தக்காரங்க ரெண்டு பேரு வந்துகீறாங்க" என்று கீழே எழுதியிருந்தான். பழைய இரும்புக் கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், டாக்டர் பட்டத்துக்கு நான் வெடிமருந்து ஆய்வகத்தில் சேர்ந்ததிலிருந்து, காலிக் குண்டு உறைகளை இப்படி அடிக்கடி படம் எடுத்து அனுப்புவான். நான் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

போன புதன்கிழமைதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அவை உறைகள் இல்லை. இரண்டுக்கும் வெடிக்கவைக்கிற மூக்கு அப்படியே இருக்கிறது.

அண்ணி, ஒன்றுதான் வெடித்தது. இன்னொன்று எங்கே?

பிரிசில்லா


9.3.2025
கோவளம்

பிரிசில்லாவுக்கு,

அன்புள்ளன்னு போட கை வரல. அதனால போடல.

ரெண்டு இருந்துச்சாம். அங்க உக்காந்துகினு படத்தப் பெருசாக்கிப் பாத்தியா? அனுப்பின அன்னிக்குப் பெருசாக்கிப் பாத்திருக்கலாமே. எனுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டும் இல்ல, மூணும் இல்ல.

நான் ஏன் தள்ளி நின்னேன்னு கேக்கறல்ல. சொல்றேன். அன்னிக்குக் காலைல நாவலூர் ஆபீஸுக்கு டூட்டிக்குக் கெளம்பிகினு இருந்தேன். இவரு பின்னாடி உளியும் சுத்தியும் எடுத்துகினு குந்திகீறாரு. "இன்னாயா இது, வேணாம்யா, கடைக்காரன்கிட்டயே தூக்கிப் போட்டுட்டு வா"ன்னேன். "போடி பயந்தாங்கொள்ளி. பித்தளைய மட்டும் கழட்டிட்டுப் போட்டுடறேன்"னாரு. வெடிச்சிடப் போவுதுன்னு சொன்னேன். அப்ப சிரிச்சாரு. "பிரிசி சொல்லிச்சு. உள்ள கீற மருந்து ஸ்டேபுளு. சுத்தியால அடிச்சாலும் தூங்கும்."

ஸ்டேபுளுன்னா இன்னான்னு கேட்டேன். "ஸ்டேபுளுன்னா கல்லு மாதிரி. டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு சொல்லுது கேளு. நீ ஆபீஸ் கக்கூஸ் கழுவறவ, உனுக்கு இன்னா தெரியும்"னாரு. கிண்டலாத்தான் சொன்னாரு. நானும் சிரிச்சிட்டு, "ஆமா, உன் தங்கச்சி சொன்னா மாதா சொன்ன மாதிரி"ன்னுட்டு பஸ் ஏறிட்டேன். கேளம்பாக்கம் தாண்டறதுக்குள்ள பக்கத்து வூட்டு செங்கம்மா போன் பண்ணிட்டாங்க.

போலீஸ்கிட்ட இத்த நான் சொல்லல. அத்தைகிட்டயும் சொல்லல. அவங்களுக்கு மிச்சம் நீ ஒருத்திதான். அதுக்காக சும்மா கீறேன். இனிமே கடுதாசி போடாத.

சிநேகா


17 மார்ச் 2025

அண்ணிக்கு,

போடாதே என்று எழுதியிருந்தீர்கள். இருந்தும் எழுதுகிறேன்.

நான் சொன்னது உண்மை. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம். அண்ணன் என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தான். "அச்சரப்பாக்கத்துல நாத்து நட்ட வூட்டுல இருந்து போயி குண்டு செய்றியாமே" என்றான். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. டி.என்.டி. என்றால் என்னவோ என்று நினைக்காதே, பெயின்ட் தின்னரில் வாசம் வருகிறதே, அதிலிருந்துதான் அது வருகிறது என்றேன். மஞ்சளாக இருக்கும், மெழுகு மாதிரி உருகும் என்றேன். முதல் உலகப் போரில் அதைக் குண்டுகளில் நிரப்பிய பெண்களுக்குத் தோலே மஞ்சளாகிப்போனது என்றேன். பட்டாளம் அதை விரும்புவதே அது சொன்னபடி கேட்கும் என்பதால்தான். லாரியில் குலுங்கலாம், கீழே விழலாம், சுத்தியால் அடித்தாலும் தூங்கும், ரொம்ப ஸ்டேபிள் என்றேன். "அதை எழுப்ப இன்னொன்று வேண்டும்" என்று ஆரம்பித்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்து போய்விட்டேன்.

அந்த இன்னொன்று வேறெங்கோ இருப்பதில்லை. அதே குண்டின் மூக்கில்தான் இருக்கிறது. கொஞ்சமே கொஞ்சம். அதற்குத் தூக்கமே கிடையாது. தட்டினால், உரசினால், சில சமயம் சும்மா நகர்த்தினாலே போதும். என்னுடைய வார்த்தை ஆய்வகத்துக் குப்பியில் இருக்கிற மருந்தைப் பற்றியது. அண்ணன் கையில் இருந்தது குப்பி இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் கொன்றேன் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அது உங்களிடம் ஆறுதல் கேட்கிற மாதிரி இருந்தது.

இன்னொரு விஷயம். வெடிக்காமல் கிடக்கிற குண்டைச் சுடுதளத்தில் "குருடு" என்பார்கள் என்று அண்ணன்தான் எனக்குச் சொன்னான். கண் போனது, இனி ஒன்றும் செய்யாது என்ற நினைப்பில் சொல்கிறார்கள். உண்மை தலைகீழ். சுடுவதற்கு முன்னால் அதற்குக் காப்பு உண்டு. சுட்டபிறகு அந்தக் காப்பு கழன்றுவிடும். அதன்பிறகும் வெடிக்கவில்லை என்றால், எங்கோ ஒரு மயிரிழையில் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் இல்லை என்கிறீர்கள். படம் இருக்கிறது என்கிறது. யார் வீட்டிலாவது, எந்தக் குழந்தையாவது தொடுகிற இடத்தில் அது இருந்தால்? ஏப்ரல் 5 அன்று செங்கல்பட்டுக்கு வந்து படத்தைப் போலீசில் கொடுக்கப்போகிறேன். இந்நேரம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் என் வேலை போகும் என்பது ஒரு காரணம். உங்களுக்குத் தெரியாமல் கொடுக்க மனம் வராதது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிரிசில்லா


24.3.2025

பிரிசில்லா,

மெரட்டறியா? தேதி போட்டு மெரட்டற.

சரி, சொல்றேன். அது இல்ல. நெஜமாவே இப்ப இல்ல.

ரெண்டாவது துணி ஊற வைக்கிற டிரம்முல கெடந்துச்சு. அவருதான் போட்டிருந்தாரு, மண்ணு ஊறட்டும்னு. போலீஸ் பின்னாடி எல்லாம் தேடுனாங்க, டிரம்முல சோப்புத் தண்ணிதான கீதுன்னு வுட்டுட்டாங்க. அடக்கம் முடிஞ்ச மறுநாள் துணிய எடுக்கக் கைய வுட்டேன், கையில பட்டுச்சு. இன்ஸ்பெக்டரு ஏற்கனவே செத்த மனுஷன திருடன்னு எழுதிட்டாரு. இன்னொண்ணும் வூட்டுல இருந்தா, வூட்டுல கீறவங்களும் திருடங்கதான? பெஞ்சமினுக்கு ஒருத்தர் போன்ல இருந்து சொன்னேன். அவன் ஓடியாந்தான். பைக்ல எடுத்துகினு போனா செக்போஸ்ட்ல புடிப்பான்னுட்டு பஸ்ல ஏறிட்டோம்.

சாக்குல சுத்தி, அதும்மேல என் பொடவையச் சுத்தி மடியில வச்சுகினேன். அந்தக் கனம் இன்னும் தொடையில கீது. திருக்கழுக்குன்றத்துல கூட்டம் ஏறிச்சு. கண்டக்டர் வந்து, "இன்னாமா அது, கொழந்தையா, லக்கேஜா"ன்றான். பெஞ்சமின் ஜன்னல் பக்கம் திரும்பிகினான். நான்தான் "அம்மிக் கொழவி அண்ணாத்த, எங்கம்மாது"ன்னேன். "அம்மி எங்க?"ன்னான். "அது கோவளத்துல கீது"ன்னேன். "ஜோடியப் பிரிக்காதீங்க"ன்னு சிரிச்சிட்டுப் போய்ட்டான். பஸ்ஸே சிரிச்சுது. நின்னுகினு இருந்த ஒரு அம்மா, கைப்புள்ளைய "கொஞ்ச நேரம் புடிமா"ன்னு என்கிட்ட நீட்டிச்சு. மடியில எடம் இல்லைன்னேன். "கல்ல கீழ வையேன்"னு எரிஞ்சு வுழுந்துச்சு. மாமல்லபுரம் வரிக்கும் என்னிய மொறைச்சுகினே வந்துச்சு. பிரேக் போடறப்பல்லாம் நான் அந்தப் புள்ளையத்தான் பாத்தேன்.

மறுநாள் விடியக்காத்தால பெஞ்சமின் போட்ல எடுத்துகினு போய் கடல்ல போட்டுட்டான். அவ்ளோதான். உப்புத் தண்ணி, ஊறி, கரைஞ்சு, இந்நேரம் ஒண்ணும் இருக்காது. நீ போலீஸுக்குப் போனா எனுக்கு இருக்கற ஒரே தம்பியும் உள்ள போவான். உங்க வூட்டுக்கு நான் வாழ வந்தப்ப எங்காளுங்க யாரும் வரல. அவன் ஒருத்தன்தான் சைக்கிள மிதிச்சுகினு வந்தான்.

கேக்கறேன், வுட்டுடு.

சிநேகா


1 ஏப்ரல் 2025

அண்ணி,

அந்தப் பேருந்தை நினைத்து இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. நீங்கள் உயிரோடு கோவளத்தில் இறங்கியதற்குக் காரணம் எதுவும் இல்லை. இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் அது கரையாது. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வெறுப்பாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் மருந்து தண்ணீரில் சீக்கிரம் கரைகிற பொருள் இல்லை. அதைச் சுற்றி இரும்பு. இரும்பு துருப்பிடித்து ஓட்டை விழவே பல வருடம் ஆகும். பிரான்சில் நூறு வருடத்துக்கு முந்தைய சண்டையில் வெடிக்காத குண்டுகள் இன்றைக்கும் உழுகிற நிலத்திலிருந்து மேலே வருகின்றன. இன்றைக்கும் ஆள் சாகிறார்கள். வடக்கே ஒரு கடலில் போர் முடிந்ததும் கப்பல் கப்பலாகக் கொட்டினார்கள், உங்களைப் போலவே, கடல் பார்த்துக்கொள்ளும் என்று. மீன்காரர்களின் வலையில் அவை இன்னும் வருகின்றன.

நான் இங்கே படிப்பது என்னவென்று உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை. நாம் மூச்சில் இழுக்கிற காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். ஒன்றோடு ஒன்று கட்டிக்கொண்டு எதிலும் சேராமல் நிம்மதியாக இருக்கும். அதைப் பிரித்து, இழுத்து, வேறொன்றின் முதுகில் கட்டிவைப்பதுதான் எங்கள் வேலை. அது எப்போதும் திரும்பிக் காற்றாகப் போகவே பார்க்கும். எத்தனை வருடம் ஆனாலும் அந்த ஆசை குறைவதில்லை. இதைப் படித்த வயதில் அழகாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

கோவளத்திலிருந்து தினமும் எத்தனை வலை போகிறது? பெஞ்சமினின் வலையே போகிறது.

அதைப் போட்ட இடம் எனக்குத் தெரிய வேண்டும். கரையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், அவ்வளவு போதும். யார் போட்டது என்று நான் சொல்ல மாட்டேன். படத்தைக் கொடுத்து, நான் சொன்ன வார்த்தையையும் சொல்லப்போகிறேன். கடலில் போட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். செங்கல்பட்டு வருவதை 12-ம் தேதிக்குத் தள்ளியிருக்கிறேன். அதற்குமேல் தள்ள எனக்கு உரிமை இல்லை.

பிரிசில்லா


7.4.2025

பிரிசி,

உன் கடுதாசிய பெஞ்சமினுக்குப் படிச்சுக் காட்டினேன். பாதியில எழுந்து வெளிய போய்ட்டான். சாப்பிட வரல. சாயங்காலமா வந்து, "அக்கா, நான் பாருக்குப் பக்கத்துல போட்டேன்"னு சொன்னான். பாருன்னா கடலுக்கு அடியில பாறை. அங்கதான் மீனு தங்கும். எல்லாரும் அங்கதான் வலை வுடுவாங்க. ஏன்டா அங்க போட்டன்னு கேட்டா, வேற எடம் எனுக்கு எங்க தெரியும், கண்ண மூடிகினு போனாலும் போட் அங்கதான் போவுதுன்றான்.

எழுதிக்கோ. மாதா கோயில் கோபுரத்துக்குப் பின்னாடி செல்போன் டவரு மறையணும். தெக்கால, சவுக்குத் தோப்பு முடியற மூலையும் மசூதி மினாரும் ஒண்ணு சேரணும். ரெண்டும் சேர்ற எடம். எட்டுப் பாகம் ஆழம். பாருக்குக் கெழக்கால ஓரம். ஒரு பாகம்னா ரெண்டு கையும் விரிச்ச நீளம், போலீஸுக்குச் சொல்லு.

கேள்விப்பட்டேன்னு பொய் சொல்ல வேணாம். அவனே வர்றேன்றான். எடத்தக் காட்ட அவன்தான் வரணும், கோபுரமும் டவரும் சேர்றத கரையில நின்னுகினு எவனாலயும் பாக்க முடியாது.

நானும் ஒண்ணு கேக்கறேன். போலீஸ்கிட்ட போறதுக்கு முன்ன அச்சரப்பாக்கம் போ. அத்தைகிட்ட நீ சொன்னத நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். அவங்க திட்டுவாங்க, இல்ல ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. எதுவா இருந்தாலும் உக்காந்து வாங்கிக்கோ.

சிநேகா


20 ஏப்ரல் 2025
அச்சரப்பாக்கம்

அண்ணி,

ஸ்டேஷனில் நம்மை வேறு வேறு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். அன்று பேச முடியாததை எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். புளி கரைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். "நான்தான சோத்துக்குக் கூப்பிட்டேன்" என்றாள். இல்லை அம்மா, அப்படி இல்லை என்று எத்தனையோ சொன்னேன். இப்போது என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தட்டை வைத்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள்.

நான் சொன்ன வார்த்தையை இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "ஸ்டேபிள்னா ஆங்கிலத்துல குதிரை லாயம்தானே" என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று. பெஞ்சமினுக்கு ஜாமீன் கிடைத்த செய்தியை அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டேன். அவன் என்னைத் திட்டினால் எனக்கு எழுதுங்கள். மறைக்க வேண்டாம்.

குண்டைத் தேட முக்குளிப்பவர்கள் வந்தார்களா?

பிரிசில்லா


10.6.2025

பிரிசி,

வந்தாங்க. மீன்பிடித் தடைக்காலம்ன்றதால கடல் காலியாத்தான் இருந்துச்சு. பெஞ்சமின் போட்லயே கூட்டிகினு போயி எடத்தக் காட்டினான். நாலு நாளு முங்கினாங்க. ஒரு நங்கூரம் கெடைச்சுது. லாரி டயரு ஒண்ணு. எவனோ போட்ட மாதா சிலை ஒண்ணு, மூக்கு ஒடைஞ்சது. அது மட்டும் கெடைக்கல.

மே மாசம் ஒருதபா கடல் கலங்குச்சு, அதுல மண்ணு பெரண்டு அடியில போயிருக்கும்ன்றான் பெஞ்சமின். உருண்டு வேற எங்கயாச்சும் போயிருக்கும்ன்றாங்க முங்கினவங்க. கடைசி நாளு பெரிய ஆபீசரு வந்தாரு. தேடின வரிக்கும் எதுவும் இல்லைன்னு எழுதி, பெஞ்சமினையும் கையெழுத்துப் போடச் சொன்னாரு. "அப்ப இல்லியா சார்?"னு கேட்டான். "நாங்க தேடின எடத்துல இல்ல"ன்னாரு. நீ பேசற மாதிரியே பேசறாரு.

ஊர்ல யாரும் எங்க வூட்டுல பேசறதில்ல. பாருக்குப் போறத நிறுத்திட்டாங்க, எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்கன்னு மீன் விக்கிற ஷபானா அம்மா மார்க்கெட்ல வச்சே கேட்டாங்க. பாதிப் பேரு இப்பவே ஒண்ணும் இருக்காதுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பதினஞ்சாந் தேதி தடை முடியுது. பெரிய போட்டெல்லாம் அடியோட வாரிகினு வரும்.

பெஞ்சமின் அன்னிக்கு நானும் போவேன்றான். நான் போட்டதுக்கு நான்தான் முன்னாடி போவணும்ன்றான். அழுது பாத்தேன். கேக்கல. "பிரிசி அக்காவ கேளு, அவங்க இன்னா சொல்றாங்களோ அப்டி நடந்துக்கறேன்"றான். இன்னா வயித்தெரிச்சல் பாரு. இவனும் உன் பேச்சத்தான் கேக்கறான்.

சுத்தி வளைக்காத. அவன் இன்னா பண்ணணும், அத்த மட்டும் எழுது. தபால்ல போடாத, நேரமில்ல. செங்கல்பட்டு பஸ்ல யார்கிட்டயாச்சும் குடுத்து வுடு.

சிநேகா


12 ஜூன் 2025
அச்சரப்பாக்கம்

அண்ணி,

யாரிடமும் கொடுத்துவிடவில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். இருந்தாலும் எழுதியே தருகிறேன். பேசினால் நான் கூட்டிச் சொல்லிவிடுவேன், இல்லை குறைத்துவிடுவேன்.

இதில் எதற்கும் "ரொம்ப", "அநேகமாக" என்று நான் போடவில்லை. எழுதி எழுதி அடித்திருக்கிறேன்.

அது இருக்கிறது. நாம் இருவரும் செத்தபிறகும் இருக்கும். தேடிக் கிடைக்காததால் அது இல்லாமல் போகாது. தொட்டால் வெடிக்குமா என்று எனக்குத் தெரியாது. வெடிக்காதா என்றும் தெரியாது. தெரியும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். போகாதே என்பதுதான் என் முதல் பதில். அவன் கேட்கமாட்டான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதனால் இரண்டாவது பதில் இது. பெஞ்சமினுக்கு முழுதாகப் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, பாருக்குப் போகாதே. எங்கே போனாலும் வலை வழக்கத்தைவிடக் கனமாக வந்தால் அதற்குமேல் இழுக்காதே. மேலே வரவிடாதே. அடியில் உரசவிடாதே. மீனாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம். அது என்னவென்று பார்க்க ஆசைப்படாதே. கத்தி எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

வலையை அறுத்துவிட்டு வா.

பிரிசில்லா